போக்சோ நீதிமன்றத்தில் குழந்தை சாட்சி: கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. போலீசிடம் ‘சாயங்காலம்’ என்றாள், நடுவரிடம் ‘மதியம்’ என்றாள். வழக்கு நிற்குமா?

பதில்: நிற்கலாம். சிறு முரண்களை மட்டும் வைத்துச் சாட்சியத்தைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மிரண்டுபோன குழந்தைக்குத் தாழ்ப்பாள் போட்ட சத்தம் அப்படியே ஞாபகம் இருக்கும், மணி இருக்காது. ‘எத்தனை மணி?’ என்பதை விட்டுவிட்டு ‘வெளியே இருட்டிவிட்டதா?’ என்று கேட்டால் பதில் வரும். அப்படி மாற்றிக் கேட்க நீதிபதிக்குச் சட்டமே இடம் தருகிறது. போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) 33(2) பிரிவின்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வியை நீதிபதியிடம்தான் சொல்ல வேண்டும். குழந்தையிடம் கேட்பவர் அவர். பல இடங்களில் வழக்கறிஞரே நேராகக் கேட்டுவிடுகிறார், யாரும் எழுந்து ஆட்சேபிப்பதில்லை. உங்கள் அரசு வழக்கறிஞரிடம் முன்பே இதைச் சொல்லிவையுங்கள். அப்புறம், ‘சாயங்காலம்னே சொல்லு’ என்று மகளைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) முகத்தைப் பையன் பார்த்தாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிரிவு 36: திரை, ஒருபக்கக் கண்ணாடி, காணொலி, ஏதாவது ஒன்று. எதிரிக்குக் காதில் விழ வேண்டும், தன் வழக்கறிஞரிடம் அவர் பேசவும் முடிய வேண்டும்.

கேள்வி: சாட்சிக்கு முன் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பதில்: உண்மையைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். புரியாவிட்டால் திரும்பக் கேள். இவ்வளவுதான்.

கேள்வி: பாட்டி தினமும் ஒருமுறை சொல்லவைத்துப் பழக்குகிறார்.

பதில்: மேலே உள்ள பதிலைப் பாட்டிக்குப் படித்துக்காட்டுங்கள்.

கேள்வி: நான் எதிரி தரப்பு வழக்கறிஞர். 29-ஆம் பிரிவு ஏற்கெனவே குற்றத்தை அனுமானிக்கிறது. குறுக்கு விசாரணையும் போனால் பொய் வழக்கில் சிக்கியவனுக்கு என்ன மிச்சம்?

பதில்: அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிய பிறகே அந்த அனுமானம் வரும் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன. குறுக்கு விசாரணையை யாரும் பறிக்கவில்லை. 33(6) தடுப்பது அதட்டலையும் இழிவுபடுத்தலையும்தான். ‘நீ அங்கே போகவே இல்லை என்று சொன்னால் சரிதானே?’ ஏழு வயதுப் பிள்ளை இதற்கு ‘ஆமாம்’ என்றால், எதற்கு ஆமாம்? மனப்பாடம் செய்துவந்த பிள்ளையை அதட்டினால் அதே வரியைத்தான் திரும்ப ஒப்பிக்கும். நிதானமாக ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள், அங்கேதான் திணறும். உங்கள் கட்சிக்காரருக்கும் அதுதான் லாபம்.

கேள்வி (அவரே): குழந்தை அழுதால் நீதிபதி இளகிவிடுகிறாரே?

பதில்: நான் பார்த்தது தலைகீழ். அழாத குழந்தையைத்தான் நம்ப மறுக்கிறார்கள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்ன சிறுமியைப் பார்த்திருக்கிறேன்; பயத்தில் வந்த சிரிப்பு அது. அழுகையோ சிரிப்போ, இரண்டையும் சான்றாக எடுக்காமல் இருந்தால் நாம் இருவரும் ஒரே கட்சி.

கேள்வி: மூன்று வாய்தா போய்விட்டது. இன்னும் மகளைக் கூப்பிடவில்லை.

பதில்: வழக்கைக் கோப்புக்கு எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், தாமதித்தால் காரணம் எழுத வேண்டும் (பிரிவு 35). வழக்கு நெடுகக் குழந்தைக்கு உதவியாக இருக்கும் துணை நபர் இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். 2020 போக்சோ விதிகளில் இருக்கிறது.

கேள்வி: விவாகரத்து வழக்கில் ஜீவனாம்சம்...

பதில்: குடும்ப நல வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் சாட்சிக் கூண்டு மாதிரி வைத்து ஒத்திகை பார்க்கலாமா?

பதில்: பாட்டிக்குச் சொன்னதேதான்.