இறக்குமதி கார்களின் உதிரிபாகச் செலவு ஏன் எகிறுகிறது?

சிறு பாகத்தை மாற்றினாலும் இறக்குமதி காருக்கு ஏன் இவ்வளவு செலவு, அதைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல நேரங்களில் பாகத்தின் விலையைவிட அது வந்து சேரும் வழிதான் பணத்தை விழுங்குகிறது. பம்பரின் எடை சில கிலோதான். ஆனால் விமானச் சரக்கில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000 அல்லது 6000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோ எடையாகக் கொள்வார்கள். 180 × 60 × 50 அளவுள்ள பெட்டியை 6000-ஆல் வகுத்தாலே 90 கிலோ! கட்டணம் அதற்குத்தான். பல நாடுகளில் சுங்கவரியும் பாகத்தின் விலை, சரக்குக் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டிய தொகைக்கு விதிக்கப்படுகிறது.

முகப்பு விளக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால், பெரும்பாலும் முழு விளக்கையே வாங்கச் சொல்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதலில் கொக்கியை ஒட்டவோ, தனியாக வாங்கவோ முடியுமா என்று விசாரியுங்கள்.

கார் நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. பாஷ், டென்சோ, வாலியோ போன்றவை தயாரித்துக் கொடுப்பதும் உண்டு. கார் நிறுவனத்தின் பெயரில் அல்லாமல், அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெயரிட்ட பெட்டியில் வாங்கினால் விலை பெரும்பாலும் குறையும். ஆர்டர் செய்யுமுன் எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட காரின் அடையாள எண்ணைக் (VIN) கொடுத்துப் பாக எண்ணை உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறாக வந்ததைத் திருப்பி அனுப்புவது இன்னொரு சரக்குச் செலவு. கதவு, கண்ணாடி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஏர்பேக் மட்டும் வேண்டவே வேண்டாம்.