மகளுக்கு ஊசி, தாய்க்கு டெஸ்ட்

கேள்வி: மகள் தரம் 6 படிக்கிறாள். எச்.பி.வி. ஊசி போட அனுமதி கேட்டுப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. "இதைப் போட்டால் பிள்ளை பிறக்காதாம்" என்று மாமி மறிக்கிறார். "இந்த வயதில் இது எதற்கு?" என்கிறார் கணவர். கையெழுத்து வைக்கலாமா? அப்புறம், எனக்கு 38 வயது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஏதோ டெஸ்ட் இருக்கிறதாமே, வருத்தம் ஒன்றும் இல்லாத நானும் செய்ய வேண்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கையெழுத்து வையுங்கள். 2017இலிருந்து நாடு முழுவதும் தரம் 6 மாணவிகளுக்கு இந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டு ஊசி, இடையில் ஆறு மாதம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம் எச்.பி.வி. வைரஸின் 16, 18 என்ற இரு வகைகள். அந்த இரண்டையும் இது தடுக்கிறது.

மாமியின் பயத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் வெளிப்புறப் புரதம் மட்டும்தான். சூலகத்துக்கும் கருப்பைக்கும் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. உண்மையில் பிள்ளைப்பேற்றைப் பறிப்பது இந்தப் புற்றுநோய்தான். முற்றிவிட்டால் கருப்பையை எடுக்கவோ கதிர்வீச்சு கொடுக்கவோ வேண்டிவரும். மாமியோடு வாதாடாமல் ருபெல்லா ஊசியை நினைவுபடுத்திப் பாருங்கள். 1996இலிருந்து நம் நாட்டுப் பெண்களுக்கு அதைப் போட்டதே பிற்காலத்தில் வயிற்றில் வரும் பிள்ளையைக் காப்பாற்றத்தான்.

கணவரின் தயக்கம் வேறு மாதிரி. இந்த வைரஸ் பாலுறவால் தொற்றுவது என்பதால், கையெழுத்து வைத்தால் மகளைப் பற்றி ஏதோ ஒத்துக்கொள்வது போல அப்பாமாருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் பாலுறவால் பரவக்கூடியதுதான். அதற்கான தடுப்பு மருந்து உங்கள் மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே போட்டாயிற்று, அப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே வந்துவிட்ட எச்.பி.வி.யை ஊசியால் வெளியேற்ற முடியாது. அதனால்தான் முந்திப் போடுகிறார்கள்.

ஊசி நாளில் பிள்ளை காலைச் சாப்பாட்டை விடக்கூடாது. போட்டதும் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும், இந்த வயதில் பயத்திலேயே சிலர் மயங்கி விழுவதுண்டு. கை வலி, இலேசான காய்ச்சல் வரலாம். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. "வருத்தம் இல்லை, பிறகெதற்கு" என்று படித்த பெண்களும் சொல்கிறார்கள். வருத்தம் இல்லாதவர்களுக்காகவே வந்த டெஸ்ட்தான் இந்தப் பெப் பரிசோதனை. வைரஸ் தொற்றி, கலங்கள் மெல்ல மாறி, புற்றுநோயாக வழக்கமாக 15, 20 வருடம் பிடிக்கும். அந்த நீண்ட காலத்தில் வலியும் இல்லை, இரத்தமும் இல்லை. மாற்றத்தை அப்போதே பிடித்தால் சிறு சிகிச்சையோடு முடிந்துவிடும்.

அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்குகளில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். முக்கியமாக 35, 45 வயதுப் பெண்களை அழைக்கிறார்கள். 35இல் தவறவிட்ட நீங்கள் 45 வரை காத்திருக்காதீர்கள். எந்த நாளில் கிளினிக் என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையமும் இருக்கிறது. சிங்களம் சரளமாக வராதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். மொழிக்காகவே பின்வாங்கியவர்கள் உண்டு.

பெப் பரிசோதனை என்பது சில நிமிட வேலை. படுக்கவைத்து, யோனிக்குள் ஒரு கருவியால் இடம் விலக்கி, கருப்பைக் கழுத்திலிருந்து கொஞ்சம் கலங்களைத் தடவி எடுப்பார்கள். கூச்சமாக இருக்கும், பெரிதாக வலிக்காது. பெண் ஊழியர்தான் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் போகவேண்டாம். முந்திய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். சில இடங்களில் இப்போது வைரஸையே தேடும் எச்.பி.வி. பரிசோதனையும் செய்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் மாற்றம் என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் மறுபடி பார்ப்பார்கள், அல்லது உருப்பெருக்கும் கருவியால் பரிசோதிக்க அனுப்புவார்கள். வைரஸ் இருப்பதாக வந்தால் கணவர் மீது சந்தேகப்பட்டுச் சண்டை போடாதீர்கள். அது பல வருடம் சத்தமில்லாமல் உடலில் கிடக்கக்கூடியது, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது.

உறவுக்குப் பின் இரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைபடுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே மகப்பேற்று நிபுணரிடம் போங்கள். மாமியையும் கேட்டுவையுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் காட்டியாக வேண்டும். அந்த வயதில் பெரும்பாலானவர்கள் இதை வீட்டில்கூடச் சொல்வதில்லை.