வெடக்கோழிக்கு லேயர் தீவனம் எதற்கு?

கேள்வி: முட்டை வைக்கும் நாட்டுக்கோழி 20, சேவல் 2, மூன்று மாத வெடக்கோழியும் (முட்டை வைக்கத் தொடங்காத இளம் பெட்டை) சேவல் குஞ்சுமாக 24, இரண்டு தாய்க்கோழிகளோடு 15 குஞ்சுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே கொட்டகை. பகலில் மேயும், காலையும் மாலையும் தீவனம் வைப்போம். தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, கடைக்காரர் சொன்னபடி இரண்டு மாதமாக எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனமான லேயர் மேஷ்தான். பத்து நாளில் மூன்று மாதக் கோழிகள் நான்கு செத்துவிட்டன. இளைத்துப் போய், வெள்ளையாகக் கழிந்து, தண்ணீர்த் தொட்டியிலேயே நின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஈரல்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. லிவர் டானிக் கொடுத்தும் கேட்கவில்லை. வளரும் கோழிக்கான குரோவர் தீவனம் எந்தக் கம்பெனியில் நல்லது?
– வாசகி, வேடசந்தூர்

பதில்: கம்பெனியைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த லேயர் மேஷை இன்றே நிறுத்துங்கள்.

வெள்ளையாகக் கழிந்தாலே வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் என்று பயம் வரும். தடுப்பூசி போடாத மந்தையில் அந்த நோய் புகுந்தால் வயது பார்க்காமல் எல்லாவற்றையும் சாய்க்கும். உங்களிடம் முட்டைக்கோழிகள் நன்றாக இருக்க, மூன்று மாதக் கோழிகள் மட்டும் சாகின்றன. ஈரலின்மேல் சுண்ணாம்புப் படிவு வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமில உப்பு உறுப்புகள்மேல் படிந்ததாகவே தெரிகிறது. இருந்தாலும் அடுத்து ஒன்று செத்தால் புதைக்காமல், பையில் கட்டி, அன்றைக்கே மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் கெட்ட கோழிக்கு ஈரல் டானிக் விற்றவரிடம் இனி வைத்தியம் கேட்க வேண்டாம்.

லேயர் மேஷில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதம். வளரும் கோழிக்குத் தேவை ஒரு சதம். முட்டை வைக்காத உடம்பில் மிச்சக் கால்சியம் போய்ச் சேர முட்டையோடு கிடையாது. அத்தனையையும் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் அது பழுதாகும். வெயிலில் தண்ணீர் குறைந்தாலோ, உப்புக் கருவாட்டுக் கழிவு போட்டாலோ இன்னும் சீக்கிரம். கெட்ட சிறுநீரகம் மீளாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். தண்ணீரை நிழலில், மூன்று நான்கு இடத்தில் வையுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: கால்சியத்தைத் தீவனத்துக்குள் ஏன் வைக்க வேண்டும்?

லேயர் மேஷ் நாமக்கல் கூண்டுப் பண்ணைக்காகச் செய்தது. அங்கே ஒரு கொட்டகையில் எல்லாம் ஒரே வயது. வருடத்துக்கு முந்நூறு முட்டை போடும் ரகம். உங்கள் நாட்டுக்கோழி 12, 15 முட்டை வைத்து அடைக்கு உட்காரும், பிறகு குஞ்சு வளர்க்கும். வருடத்தில் பெரும்பாலான நாள் அதற்கே அந்தக் கால்சியம் வேண்டாம். சேவலுக்கு என்றைக்குமே வேண்டாம்.

எனவே எல்லாவற்றுக்கும் குரோவர் தீவனம், கிளிஞ்சல் மட்டும் தனிச் சட்டியில். கலப்பு வயது மந்தைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. முட்டை வைக்கும் கோழிக்குச் சுண்ணாம்புப் பசி உண்டு. தானே தேடிப் போய்க் கொத்தும். வெடக்கோழி ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

தூளாக வாங்காதீர்கள். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் துண்டாக வேண்டும். கடையில் ஷெல் கிரிட் என்று கேளுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. தூள் சீக்கிரம் குடலைக் கடந்துவிடும். துண்டு அரவைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் சட்டியை மதியத்துக்குமேல் நிரப்புங்கள், மழை படாத இடத்தில். ஒரு ஓட்டில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் கால்சியம் இருக்கும். கோழிக்கு 4 கிராம் கிளிஞ்சல் என்று வைத்தாலும் 20 கோழிக்கு மாதம் இரண்டரைக் கிலோதான். வீட்டு முட்டையோட்டை வறுத்து நொறுக்கியும் சேர்க்கலாம். ஓடு என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்குங்கள். இல்லாவிட்டால் முட்டையையே கொத்தப் பழகிவிடும்.

இப்போது கம்பெனி. மூட்டைச் சீட்டில் புரதம் 16 சதத்துக்குக் குறையாமல், கால்சியம் ஒரு சதத்தை ஒட்டி, தயாரித்த தேதி ஒரு மாதத்துக்குள் இருந்தால் எது என்றாலும் சரி. சீட்டே இல்லாத மூட்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். குரோவர் இல்லை, பிராய்லர் ஃபினிஷர் போடுங்கள் என்பார்கள். அது ஆறு வாரத்தில் கறிக்குப் போகும் கோழிக்கு. வெடக்கோழிக்குப் போட்டால் வயிற்றில் கொழுப்பு கட்டும். ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருந்தால் முட்டையிலும் இறங்கும்.

வீட்டில் கலப்பதானால் 100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 50, அரிசிக் குருணை 10, சோயா புண்ணாக்கு 17, எண்ணெய் எடுத்த தவிடு 16, உப்பில்லாக் கருவாட்டுத்தூள் 4, தாது உப்புக் கலவை 2, சுண்ணாம்புக்கல் தூள் 700 கிராம், உப்பு 300 கிராம். வைட்டமின் கலவை பாக்கெட்டில் போட்ட அளவு. புரதம் பதினாறரைக்கு மேல் நிற்கும். சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு வேண்டாம். பூஞ்சை நஞ்சு அதில்தான் அதிகம். மக்காச்சோளம் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, காயவையுங்கள்.

குஞ்சுகளுக்கு மட்டும் இது போதாது. 20 சதப் புரதம் வேண்டும். பஞ்சாரத்தை (கோழி அடைக்கும் கூடை) மூன்று செங்கல்மேல் இரண்டரை அங்குலம் தூக்கி வைத்து, உள்ளே குஞ்சுத் தீவனமும் தண்ணீரும் வையுங்கள். குஞ்சு புகும், தாய் புகாது. குஞ்சு அதில் புகும் அளவில் இருக்கும் வரை இது ஓடும்.

பெரிய கோழிகள் விரட்டுவதால் இளைப்பதும் உண்டு. ஒரே நீளத் தட்டு வைக்காமல், ஒன்று பார்த்தால் மற்றொன்று தெரியாத இரண்டு மூலையில் வையுங்கள். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு. மேய்ச்சல் இருப்பதால் முட்டைக்கோழிக்கு 60 முதல் 70 கிராம், மூன்று மாதக் கோழிக்கு 40 முதல் 50 கிராம் போதும்.

கையில் மிச்சமிருக்கும் லேயர் மேஷைப் பிரிக்காவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பிரித்திருந்தால், காலையில் மற்றவற்றைத் திறந்துவிடும் முன் முட்டை வைக்கும் கோழிகளை மட்டும் அடைத்து வைத்துத் தீர்க்கலாம். கட்டி பிடித்து, மக்கல் வாடை அடித்தால் அதுவும் வேண்டாம், குப்பைக்குழிக்குப் போகட்டும்.