பெட்டியில் 'உள்நாட்டுத் தயாரிப்பு', உள்ளே என்ன?

கேள்வி: இறக்குமதி வரியை ஏற்றுமதி செய்யும் நாடு கட்டுகிறது என்கிறார்கள். வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: சுங்கத்துறையில் பணம் கட்டுபவர் இறக்குமதியாளர், இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. கட்டிய பிறகு அந்தச் சுமையை எங்கே இறக்கிவைக்கிறார் என்பதே விஷயம். தன் லாபத்தில் கொஞ்சம், அனுப்புபவரிடம் கேட்டு வாங்கும் தள்ளுபடியில் கொஞ்சம், மீதி விலையில்.

வரித் தொகையை முடிவு செய்பவை மூன்று: எச்.எஸ். குறியீடு (சரக்கு எந்த வகை என்று காட்டும் எண்), பிறப்பிட நாடு, சரக்கின் மதிப்பு. குறியீட்டில் முதல் 6 இலக்கங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் அந்தந்த நாடு சேர்ப்பது. மதிப்பில்தான் கணக்கு பிசகும். சரக்கு 100, கப்பல் கட்டணமும் காப்பீடும் 10, வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10-ஐ அமெரிக்கா மதிப்பில் சேர்க்காது, வரி 20. ஐரோப்பிய ஒன்றியம் சேர்க்கும், வரி 22. இன்னொன்று: வரி இறக்குமதி மதிப்புக்குத்தான், கடை விலைக்கு அல்ல. அந்தப் பொருள் கடையில் 250-க்கு விற்றால், 20 வரி முழுவதையும் ஏற்றினாலும் விலை 8 சதவீதம்தான் கூடவேண்டும். அதற்கு மேல் ஏறினால் வரியைச் சாக்காக வைத்து வேறு ஏதோ ஏறியிருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று போட எத்தனை சதவீதம் உள்நாட்டுப் பாகம் வேண்டும்?

பதில்: சதவீதம் கிடையாது. 'முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும்' உள்நாட்டில் ஆனதாக இருக்கவேண்டும் என்பதே தவறான விளம்பரங்களைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி. என்ற அமெரிக்க அரசு ஆணையத்தின் அளவுகோல், 2021 முதல் அது அபராதத்துக்குரிய விதியாகவும் ஆகிவிட்டது. ஆணையம் தரும் உதாரணங்கள் இரண்டைப் பார்த்தால் விளங்கிவிடும். ஒரு கேஸ் கிரில் அடுப்பு: வால்வு, பர்னர், அலுமினிய உடல் எல்லாம் உள்நாடு, குமிழும் குழாயும் மட்டும் இறக்குமதி. பரவாயில்லை. ஒரு மேஜை விளக்கு: பித்தளையும் மேல்மூடியும் உள்நாடு, அடிப்பீடம் இறக்குமதி. செலவில் அதன் பங்கு சிறிது என்றாலும் கூடாது, ஏனென்றால் பீடம் விளக்கின் முக்கியப் பகுதி.

பாகங்களை எல்லாம் வரவழைத்து ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கிவிட்டு 'இங்கே அசெம்பிள் செய்தது' என்று போடுவதும் செல்லாது. 'இங்கே வடிவமைத்தது' என்ற வாசகம் தொழிற்சாலை எங்கே என்று சொல்வதே இல்லை; எங்களைக் கேட்டால், அதைப் பெரிய எழுத்தில் பார்த்தாலே சந்தேகப்படலாம். 2024-ல் வீட்டுச் சாமான் விற்கும் வில்லியம்ஸ்-சொனோமா நிறுவனம், தவறாக 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று விளம்பரம் செய்ததற்காக 31 லட்சத்து 75 ஆயிரம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

வேறு நாடுகளில் எண் உண்டு. கனடாவில் 'ப்ராடக்ட் ஆஃப் கனடா' என்றால் நேரடி உற்பத்திச் செலவில் குறைந்தது 98 சதவீதம், 'மேட் இன் கனடா' என்றால் 51 சதவீதம். இரண்டாவதில் இறக்குமதிப் பாகம் உண்டு என்ற குறிப்பும் வேண்டும்.

கேள்வி: சுங்கத்துறை ஒரு பொருளைச் சீனத் தயாரிப்பு அல்ல என்று ஏற்றுக்கொண்டால், 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று போடலாமா?

பதில்: கூடாது. சுங்கம் பார்ப்பது, பொருள் எந்த நாட்டில் கடைசியாக வேறொரு பொருளாக மாறியது என்பதை. விளம்பர விதி பார்ப்பது, முழுப் பொருளும் எங்கே ஆனது என்பதை. முதல் தேர்வில் தேறியது இரண்டாவதில் தேறாமல் போவது சகஜம்.

கேள்வி: வரி இறக்குமதிக்குத்தானே, உள்நாட்டுப் பொருளின் விலை ஏன் ஏறுகிறது?

பதில்: 2018-ல் அமெரிக்கா வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது: ஆண்டின் முதல் 12 லட்சம் மெஷினுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50. விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. உள்நாட்டுக் கம்பெனிகளும் ஏற்றின. போட்டியாளர் விலை ஏறிய பிறகு தான் மட்டும் குறைவாக விற்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? வேடிக்கை என்னவென்றால், வரியே இல்லாத துணி உலர்த்தும் மெஷினும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாகவே வாங்குவார்கள், ஆகவே ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். போதாததற்கு, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அதே ஆண்டு வரி வந்தது. உள்நாட்டில் செய்பவருக்கும் மூலப்பொருள் செலவு கூடியது.

கேள்வி: சிறிய அளவில் பொருள் தயாரிக்கிறோம். லேபிள் போடும் முன் என்ன செய்வது?

பதில்: பாகப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே பிறப்பிட நாடு, செலவு இரண்டையும் எழுதுங்கள். உள்ளூரில் வாங்கியது உள்நாட்டில் ஆனது ஆகிவிடாது. மோட்டாரும் சர்க்யூட் போர்டும்தான் பெரும்பாலும் காலை வாரும். சப்ளையரிடம் பிறப்பிடத்தை எழுத்தில் வாங்குங்கள், ஆர்டர் மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள். சந்தேகம் இருந்தால் 'இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு இங்கே தயாரித்தது' என்று போட்டுவிடுங்கள். பெட்டியில் சரியாகப் போட்டுவிட்டு இணைய விற்பனைப் பக்கத்தில் பழைய வாசகத்தை விட்டுவைப்பவர்கள் நிறைய, அதுவும் விளம்பரம்தான்.