ஷெல் ஸ்கிரிப்ட் பேக்கப்பை நம்பலாமா?

கேள்வி: லினக்ஸ் லேப்டாப்பில் இருக்கும் படங்கள், ஆவணங்களை பேக்கப் எடுக்க சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) போதுமா, தனி மென்பொருள் வேண்டுமா?

தாராளமாகப் போதும். ஆனால் நகலெடுக்கும் வரிக்கு முன்னால், வெளி ஹார்ட் டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது லினக்ஸ் அதை ஒரு ஃபோல்டரோடு இணைத்திருக்கிறதா என்று பார்க்கும் வரியை எழுதுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில். 2023-ல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். லேப்டாப் பேட்டரியில் ஓடும். தனி அடாப்டரில் ஓடும் வெளி டிஸ்க் அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் டிஸ்க்கில் விளக்கு எரியும், ஆனால் மவுண்ட் ஆகியிருக்காது. இரவு 10 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், ஸ்கிரிப்டை ஓட்டும். மவுண்ட் ஆகவேண்டிய இடத்தில் இருந்த வெற்று ஃபோல்டருக்குள், நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் எல்லாவற்றையும் கொட்டும். அதாவது லேப்டாப்பின் அதே டிஸ்க்கில் இன்னொரு நகல். பிழைச் செய்தி ஒன்றும் வராது. மூன்று வாரம் இப்படியே போய், ஒருநாள் அந்த உள் டிஸ்க் செத்தது. கரும்புத் தோட்டத்து நாட்களைப் பற்றி என் மனைவியின் பாட்டி பேசியதை அந்த வாரங்களில்தான் பதிவு செய்திருந்தோம். அவ்வளவும் போயிற்று. பாட்டியும் இப்போது இல்லை.

இப்போது ஸ்கிரிப்டின் முதல் வேலை, டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் கட்டளை. டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே நின்று எனக்கு மெயில் அனுப்பும்.

நகலெடுக்க ஆர்சிங்க்தான். 1996-லிருந்து இருக்கும் கருவி. மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும். புதியதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்த பிறகே பெயரை மாற்றுவதால், நடுவில் கரண்ட் போனாலும் பாதி ஃபைல் வந்து பழைய நகலின் இடத்தில் உட்காராது. எங்கள் ஊருக்கு இது பெரிய ஆறுதல்.

'டெலீட்' ஆப்ஷனில் மட்டும் கவனம். லேப்டாப்பில் நீங்கள் தவறி அழித்தது அன்றிரவே பேக்கப்பிலும் அழியும். அதற்குப் பதில் 'லிங்க்-டெஸ்ட்' ஆப்ஷனோடு தேதிவாரியாக ஃபோல்டர் போடுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரும் முழு நகலாகத் தெரியும், மாறாத ஃபைல்கள் கூடுதலாக இடம் பிடிக்காது. இது ஹார்ட் லிங்க் என்ற வசதியால், அதாவது ஒரே ஃபைலுக்குப் பல இடங்களில் பெயர் வைப்பதால் நடக்கிறது. எக்ஸ்ஃபேட் என்ற டிஸ்க் ஃபார்மேட்டில் அது கிடையாது, டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்-4 ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டாவது டிஸ்க் ஒன்று. 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏனென்று சொல்லவேண்டியதில்லை. என்னுடையது டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் மைத்துனர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு சாப்பிடப் போகும்போது மாற்றி எடுத்து வருகிறேன். கொண்டுவந்ததும் அதிலிருந்து ஏதாவது ஒரு ஒலிப்பதிவைத் திறந்து, கடைசிவரை கேட்டுப் பார்த்துவிடுவேன்.