தந்தைமைப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க மட்டுமே வருபவருக்கு மருத்துவப் பதிவில் எந்தக் கோட் (குறியீடு)?

அமெரிக்க மருத்துவப் பதிவுகளில் இதற்கு ஐசிடி-10-சிஎம் என்ற, நோயையும் வருகைக்கான காரணத்தையும் குறிக்கும் கோடுகளின் தொகுப்பில் தனி கோடே இருக்கிறது: இசட் 02.81. நோய் எதுவும் இல்லாதபோது நோய்க்கான கோடைத் தேடி அலைய வேண்டாம். இதையே முதல் கோடாகப் போடுங்கள். 2015 அக்டோபருக்கு முன்பு பழைய தொகுப்பின் வி 70.4 என்ற கோடில், சட்டக் காரணங்களுக்கான பரிசோதனைகளோடு சேர்த்து இதுவும் அடங்கியிருந்தது.

என்ன செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் நடைமுறைக் கோடில்தான் பலர் வழுக்குகிறார்கள். 36415 என்பது சிரையில் (இரத்தக் குழாயில்) ஊசி குத்தி இரத்தம் எடுப்பதற்கு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்திருந்தால் அதைப் போடவே கூடாது.

என்னைக் கேட்டால், கோடைவிடக் குறிப்பே முக்கியம். பரிசோதனையைக் கேட்டது யார், நீதிமன்ற உத்தரவா சொந்த விருப்பமா, அடையாள அட்டை பார்த்தீர்களா, ஒப்புதலில் கையெழுத்து யாருடையது, உறையை முத்திரையிட்ட நேரம், அது யார் கையில் போனது என்று எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்கள். தாய், குழந்தை, ஆண் மூவருக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும். முடிவு வரும்வரை 'தந்தை' என்று எழுதாதீர்கள், 'தந்தை எனக் கூறப்படுபவர்' என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல் ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தொடுகிறது.

அன்றே குழந்தையின் காது வலிக்கும் வைத்தியம் பார்த்தால் அதைத் தனி வருகையாகப் பதியுங்கள். காப்பீடு பொதுவாக இந்தப் பரிசோதனைக்குப் பணம் தராது; கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.