ஏஎல்பி 340: ஈரலா, எலும்பா?

கேள்வி: பையனுக்கு 14 வயது. காய்ச்சலுக்காக ரத்தம் எடுத்ததில் ஆல்கலைன் பாஸ்படேஸ் (ஏஎல்பி) 340 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. பக்கத்தில் 40–130 என்று அளவு போட்டிருக்கிறார்கள். பிலிருபின் 0.7, எஸ்ஜிபிடி 24, எஸ்ஜிஓடி 30. காமாலை ஆரம்பம், கீழாநெல்லி அரைத்துக் கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா? – ஒரு தாய், திருமங்கலம்

பதில்: வேண்டாம். இந்த எண்களில் காமாலை இல்லை; காமாலையைக் காட்டும் பிலிருபின் சரியாகவே இருக்கிறது. 40–130 என்பது பெரியவர்களுக்கான அளவு. மளமளவென்று உயரும் வயதில் அதைப்போல் மூன்று மடங்கு வரை போவது இயல்பு.

காரணம், ஏஎல்பி என்ற நொதி (உடலில் வேதிமாற்றங்களை நடத்தும் புரதம்) குடியிருக்கும் இடம். எஸ்ஜிபிடி என்ற நொதி பெரும்பாலும் ஈரல் செல்லுக்குள் இருக்கும் திரவத்தில் கரைந்திருக்கிறது. எஸ்ஜிஓடி என்ற நொதி அங்கேயும் உண்டு, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் உண்டு. செல் காயப்பட்டால் இவை ரத்தத்தில் கசியும். உங்கள் மகனுக்கு இரண்டுமே சரியாக இருக்கின்றன.

ஏஎல்பி செல்லுக்கு வெளியே, சவ்வின் மேல்புறத்தில், கொழுப்பாலான ஒரு நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஈரலில் பித்தநீர் ஓடும் நுண்குழாய்ப் பக்கம் அதன் இடம். எலும்பில், எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களின் மேல். பைரோபாஸ்பேட் என்ற பொருள் இருக்கும் வரை எலும்பில் சுண்ணாம்புச்சத்து சரியாகப் படியாது. அதை உடைப்பதுதான் ஏஎல்பியின் வேலை. எலும்பு வேகமாக வளரும்போது நங்கூரம் அறுபட்டு நிறைய ஏஎல்பி ரத்தத்தில் கலக்கும். அதற்கு எந்த செல்லும் சாக வேண்டியதில்லை.

சந்தேகம் தீர ஜிஜிடி என்ற ஒரு பரிசோதனை போதும். அதுவும் சவ்வில் இருக்கும் நொதிதான், பித்தநாளம் அடைத்தால் ஏறும். ஆனால் எலும்பு வளர்ச்சியால் ஏறாது. ஜிஜிடி சரியாக இருந்தால் 340 எலும்பிலிருந்து வந்தது. கால் வளைவு, எலும்பு வலி இருந்தால் மட்டும் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி பாருங்கள். ஜிஜிடியும் ஏறி, சிறுநீர் அடர் மஞ்சளாக, மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மறுபடி ரத்தம் கொடுப்பதானால் வெறும் வயிற்றில் கொடுங்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு குடலில் இருக்கும் ஏஎல்பியும் சிலருக்கு ரத்தத்தில் சேரும், குறிப்பாக ஓ, பி குரூப்காரர்களுக்கு. ரத்தம் சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் போகவேண்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ என்ற ரசாயனம், இந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் பிடுங்கிவிடும். ஏஎல்பி பொய்யாகக் குறைந்து தெரியும். கிராமத்தில் எடுத்து மதுரைக்கு அனுப்பும் குழாய் வழியில் குலுங்கிச் சிவப்பணு உடைந்தாலோ, எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும்.